சிறு தீவு நாடுகளின் சுகாதார ஆளணி முகாமையாளர்களுக்குத் திட்டமிடல் படிப்பிப்பது எப்படி?

சுழிபுரத்தாள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் சுகாதாரத் துறையில் திட்டமிடல் வேலை செய்கிறவள். ஆளணி, வெற்றிடம், இடமாற்றம் என்று விடிந்தால் பொழுதுபட்டால் அந்தக் கோப்புகளோடுதான். அடுத்த மாதம் ஒரு பயிற்சியில் வகுப்பு எடுக்கக் கேட்டிருக்கிறார்கள். படிக்க வருகிறவர்கள் மாலைதீவு, சீஷெல்ஸ், துவாலு, கிரிபட்டி நாடுகளின் சுகாதார அமைச்சுகளில் ஆளணிக்குப் பொறுப்பானவர்கள். தலைப்பு, சுகாதார ஆளணிக்கான மூலோபாயத் திட்டமிடல். ஒன்லைனில் ஐந்து நாள்.

தந்திருக்கிற பாடக்குறிப்பை முழுக்க வாசித்தேன். முதல் இரண்டு நாளும் தொலைநோக்கு, பணிக்கூற்று, பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். மூன்றாம் நாள் சனத்தொகை வளர்ச்சியை வைத்து இருபது வருடத்துக்குத் தேவையான டொக்டர்மார், தாதியரைக் கணக்கிடுவது. உதாரணங்கள் எல்லாம் கோடிக் கணக்கில் சனம் உள்ள நாடுகள். ஆயிரம் பேருக்கு 4.45 டொக்டர், தாதி, மருத்துவிச்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சொன்ன அளவுகோலையும் போட்டிருக்கிறார்கள். அதை நியுவே என்ற பசிபிக் தீவு நாட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். அங்கே இருப்பது சுமார் 1,700 பேர். விடை ஏழெட்டுப் பேர் என்று வருகிறது. ஏழெட்டுப் பேரை வைத்து இரவும் பகலும் ஒரு ஆஸ்பத்திரியை எப்படி நடத்துவது? கணக்கு சரி, ஆனால் அதை வைத்து அந்த நாட்டு முகாமையாளர் ஒரு கடிதம்கூட எழுத முடியாது.

தீவு என்றால் என்னவென்று எனக்கு ஓரளவு தெரியும். வேலை விஷயமாகக் குறிகாட்டுவானில் படகுக்குக் காத்து நின்று எங்கள் தீவுப் பகுதி ஆஸ்பத்திரிகளுக்குப் போய் வருகிறவள்தான். ஒன்றில், பொறுப்பதிகாரியின் மேசைக்குப் பின்னால் ஆளணிப் பலகை தொங்கியது. அங்கீகரிக்கப்பட்டது இத்தனை, உள்ளவர்கள் இத்தனை என்று இரண்டு நிரல். பார்த்தால் பெரிய குறை இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் 'இணைப்பு' என்று எழுதியிருந்தது. சம்பளப் பட்டியலில் அவர்கள் தீவில் இருக்கிறார்கள். வேலை செய்வது பட்டணத்தில். மருந்து கொடுக்கிறவரும், பதிவு எழுதுகிறவரும், பின்னேரத்தில் காயத்துக்கு மருந்து கட்டுகிறவரும் ஒரே ஆள். மாகாணத்துக்குப் போகும் அறிக்கையில் இது எதுவும் தெரியாது.

ஒரு நாடே இப்படியென்றால் அந்த நாட்டு முகாமையாளருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது? வேலைப்பளுவை வைத்து ஆள் கணக்கிடும் விஸ்ன் முறை அவர்களுக்கு உதவுமா? படித்து முடித்ததும் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விடுகிறவர்களைத் திட்டத்தில் எப்படிக் காட்டுவது? ஐந்து நாள்தான் இருக்கிறது. எதை விட்டால் பரவாயில்லை, எதை விடவே கூடாது? அந்தப் பக்கம் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

கொக்குவிலான் எழுதியது:

தங்கச்சி, நல்ல கேள்வி. இங்கே சுகாதார நிர்வாகத்தில் இருந்துவிட்டு, பிறகு பல வருடம் பீஜியின் சுவாவில் இருந்துகொண்டு பசிபிக் தீவுகளில் இந்த வேலையைத்தான் செய்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, தொலைநோக்கு, பணிக்கூற்று எல்லாவற்றையும் ஒரு மணித்தியாலத்துக்குள் அடக்கிவிடுங்கள். அந்த நாடுகளில் அது ஏற்கெனவே அழகாக அச்சடித்து அலுமாரியில் இருக்கும். ஆலோசகர்கள் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். வகுப்புக்கு வருகிறவரோ சம்பளம், லீவு, புலமைப்பரிசில், வெளிநாட்டு டொக்டரின் விசா என்று எல்லாவற்றையும் தனி ஆளாகப் பார்க்கிறவர். அவருக்கு வேண்டியது திங்கட்கிழமை மேசையில் வைத்து வேலை செய்யக்கூடிய ஒன்று.

அதனால் முதல் நாளே ஒவ்வொருவரும் தங்கள் நாட்டின் ஆள் பட்டியலோடு வரவேண்டும் என்று இப்போதே கடிதம் போடுங்கள். துவாலுவில் சுமார் 11,000 பேர், ஒன்பது தீவு, ஃபுனாஃபுடியில் ஒரே ஒரு ஆஸ்பத்திரி. முழு நாட்டுச் சுகாதாரப் பணியாளர்களையும் சில தாள்களில் எழுதி முடிக்கலாம். இது சிறிய நாட்டுக்கு வாய்த்த பெரிய வசதி, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. பெரிய நாட்டில் எத்தனை பேர் ஓய்வு பெறுவார்கள் என்று மதிப்பிடத்தான் முடியும். இங்கே எந்த எக்ஸ்ரேக்காரர் எந்த வருடம் ஓய்வு பெறுகிறார் என்று பெயரோடு சொல்லலாம். ஒவ்வொரு பதவிக்கும் நேரே மூன்று கேள்வி: இவர் எப்போது ஓய்வு பெறுவார், இவர் லீவில் போனால் இந்த வேலையை யார் செய்வார், இவரிடத்துக்கு வரப்போகிறவர் இப்போது எங்கே படிக்கிறார். இரண்டாவது கேள்விக்கு 'ஒருவரும் இல்லை' என்று பதில் வரும் வரிகளைச் சிவப்பால் நிறம் தீட்டச் சொல்லுங்கள். ஆய்வுகூடம், எக்ஸ்ரே, மயக்கமருந்து, மருத்துவக் கருவி திருத்துகிறவர், இவைதான் சிவக்கும். திட்டத்தின் மையம் அந்தச் சிவப்பு வரிகள்தான்.

ஒரு பசிபிக் நாட்டில் பிரதம தாதி உத்தியோகத்தர் ஒருவர் என் வகுப்புக்கு வந்தார். கொம்பியூட்டர் இல்லை. ரப்பர் வளையம் போட்ட சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்று வைத்திருந்தார். அதில் நாட்டின் எல்லாத் தாதியர் பெயரும் இருந்தது. பெயருக்கு நேரே நீல மையால் வேலை செய்யும் தீவு, சிவப்பு மையால் மூத்த பிள்ளையின் வயது. ஏன் பிள்ளையின் வயது என்று கேட்டேன். வெளித் தீவில் ஆரம்பப் பாடசாலை மட்டும்தான் இருக்கிறது, பிள்ளை உயர் வகுப்புக்கு வந்ததும் தாய் தலைநகருக்கு மாற்றம் கேட்பாள், அதற்கு முதல் வருடமே அடுத்த ஆளை நான் தயார்படுத்த வேண்டும் என்றார். நான் பார்த்த ஆளணித் திட்டங்களில் அதுதான் ஆகச் சிறந்தது. உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரை முதல் நாளே கதைக்க விடுங்கள்.

இனி விஸ்ன். அதைத் தூக்கிப் போடவேண்டாம், ஆனால் அது எங்கே உடைகிறது என்று காட்டிப் படிப்பியுங்கள். ஒரு கணக்கு தருகிறேன், அப்படியே வகுப்பில் போடலாம். வருடத்தில் வேலை நாள் 260. விடுமுறை, லீவு, சுகயீனம், பயிற்சி எல்லாம் 58 நாள் என்று வைத்தால் மிச்சம் 202. நாளுக்கு எட்டு மணித்தியாலப்படி 1,616 மணித்தியாலம். ஒரு பிரசவத்துக்கு எட்டு மணித்தியாலம் என்றால் ஒரு மருத்துவிச்சி வருடத்துக்கு 202 பிரசவம் பார்க்கலாம். சரி, வெளித் தீவு ஒன்றில் வருடத்துக்கு 20 பிரசவம்தான். கணக்குப்படி தேவை 0.1 மருத்துவிச்சி. ஆனால் வலி ஆளைக் கேட்டு வருவதில்லையே. எந்த நேரமும் ஒருவர் கடமையில் இருக்கவேண்டும் என்றால் வருடத்தின் 8,760 மணித்தியாலத்தையும் 1,616ஆல் வகுக்கவேண்டும். 5.4 பேர். ஒரு முறையில் 0.1, மற்ற முறையில் 5.4. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது, முகாமையாளர்தான் சொல்லவேண்டும். ஒருவரைத் தீவிலேயே குடியிருத்தி அழைத்தால் வரச் செய்வதா, இரண்டு பேர் மாறி மாறியா, பொதுத் தாதி ஒருவருக்குப் பிரசவமும் பழக்குவதா, தாய்மாரைக் கடைசி வாரங்களில் பெரிய தீவுக்குக் கூட்டி வந்து தங்க வைப்பதா? ஒவ்வொன்றுக்கும் செலவு என்ன, ஆபத்து என்ன என்று ஒரு முழு நாள் இதில் உட்காருங்கள். மூலோபாயம் என்று நாங்கள் சொல்வது இந்தத் தெரிவைத்தான்.

போகிறவர்கள் விஷயம். குக் தீவு, நியுவே ஆட்கள் நியூசிலாந்துக் குடிமக்கள். மைக்ரோனீசியா, மார்ஷல் தீவு, பலாவு ஆட்கள் விசா இல்லாமல் அமெரிக்காவில் வேலை செய்யலாம். துவாலுவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் 2023இல் ஒரு உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி வருடத்துக்கு 280 துவாலுக்காரர் ஆஸ்திரேலியா போய் நிரந்தரமாக வாழலாம். 11,000 பேரில் 280 என்றால் கிட்டத்தட்ட நாற்பதில் ஒருவர், ஒவ்வொரு வருடமும். அதில் தாதியர் எத்தனை பேர் என்று உங்கள் துவாலு மாணவர் நிச்சயம் யோசித்துக்கொண்டிருப்பார். உலக சுகாதார சபை 2010இல் ஏற்றுக்கொண்ட ஆட்சேர்ப்பு ஒழுக்கக்கோவை இருக்கிறது. அது சட்டமல்ல, கேட்டுப் பெறுவதற்கான ஒரு பிடி. ஆள் எடுக்கும் நாட்டிடம் 'எடுக்கிறீர்கள், சரி, பயிற்சிக்கு என்ன தருகிறீர்கள்' என்று கேட்க அந்தப் பிடி உதவும். ஆனால் திட்டத்தில் போகிறவர்களைத் திடீர் இழப்பாகக் காட்டவேண்டாம். கடந்த பத்து வருடத்தில் யார் யார் போனார்கள் என்று பெயர் எழுதி எண்ணச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கையை அப்படியே வருங்காலத்துக்கும் வைத்து, அத்தனை பேரைக் கூடுதலாகப் பயிற்றுவிக்கும் செலவை முன்கூட்டியே போடவேண்டும்.

எங்கே படிப்பிக்கிறோம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். சுவாவில் 1885இல் தொடங்கிய மருத்துவப் பாடசாலை முதலில் அம்மைப்பால் குத்துகிறவர்களையும் உள்ளூர் மருத்துவ உதவியாளர்களையும்தான் தயாரித்தது. பசிபிக் தீவுகளுக்கு டொக்டர்மார் பல தலைமுறையாக அங்கிருந்துதான் வந்தார்கள். எங்கள் மானிப்பாயை நினைத்துப் பாருங்கள். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் கிறீன் அங்கே 1848இல் மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கி, பிறகு தமிழிலேயே படிப்பித்தார், மருத்துவ நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் படித்தவர் அரசாங்க உத்தியோகம் தேடி வேறு ஊர் போய்விடுவார், தமிழில் படித்தவர் தன் ஊரில் நின்று சனத்தைப் பார்ப்பார் என்பது அவருடைய எண்ணம். பணியாளரைத் தக்கவைப்பது என்று இப்போது பெரிதாகப் பேசுவதை அவர் அன்றைக்கே பாடத்திட்டத்தில் வைத்துவிட்டார். எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு.

ஒரு எச்சரிக்கை. 2000களின் நடுப்பகுதியிலிருந்து கிரிபட்டி, துவாலு, சொலமன் தீவுகள், வனுவாட்டு எல்லாம் தங்கள் பிள்ளைகளைப் புலமைப்பரிசிலில் கியூபாவுக்கு அனுப்பி டொக்டராக்கின. மிக நல்ல காரியம். ஆனால் பிள்ளைகள் ஒரே நேரத்தில் கூட்டமாகத் திரும்பி வந்தபோது உள்ளகப் பயிற்சி கொடுக்க மேற்பார்வையாளர்கள் போதவில்லை, வரவுசெலவில் அத்தனை பதவியும் இல்லை. கிரிபட்டி தன் தலைநகரான தராவாவில் உள்ள துங்காரு ஆஸ்பத்திரியில் தானே ஒரு உள்ளகப் பயிற்சியைத் தொடங்கவேண்டி வந்தது. பிள்ளை விமானம் ஏறும் நாளிலேயே, திரும்பி வரும் வருடத்துக்கான பதவியைத் திறைசேரியில் எழுதிவைக்க வேண்டும். இதை உங்கள் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

---

பருத்தித்துறை நேர்ஸ் எழுதியது:

அக்கா, நான் மாலைதீவில் ஒரு அத்தொளு (பவளத்தீவுக் கூட்டம்) ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள். ஐயா சொன்னதோடு ஒரு விஷயம் சேர்க்கிறேன்.

அங்கே ஆட்கள் போவது பற்றிய கவலை வேறு மாதிரி. சொந்த ஆட்களைவிட வெளிநாட்டவர்தான் கனபேர், இந்தியாவிலிருந்தும் எங்கள் நாட்டிலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். சிக்கல் ஒப்பந்தத் திகதியில் இருக்கிறது. ஒரே நேர்முகத் தேர்வில் எடுத்த எல்லாரையும் ஒரே மாதத்தில் கொண்டுவந்து இறக்குவார்கள். அப்போது ஒப்பந்தமும் ஒரே மாதத்தில்தானே முடியும்? நான் இருந்த இடத்தில் ஒரு தடவை பிரசவ அறைத் தாதியர் எல்லாரும் ஒன்றாக ஊர் போனார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அந்த நாட்டு மொழியான திவேகியில் ஒரு சொல் தெரியாது. 'வலி எங்கே' என்று கேட்கக்கூட ஒரு துப்புரவுத் தொழிலாளியைக் கூப்பிட வேண்டியிருந்தது.

ஆகவே ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதத்தையும் போட்டு, யார் ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று ஒட்டச் சொல்லுங்கள். ஒரே மாதத்தில் குவிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். சிலருக்கு மூன்று மாதம் நீட்டி, சிலரை முந்தி எடுத்தால் சரியாகிவிடும். பெரிய காசு தேவையில்லை. அதோடு புதியவர் வந்து முதல் இரண்டு கிழமை பழையவரோடு சேர்ந்து நிற்க வேண்டும், அந்த இரண்டு கிழமைச் சம்பளத்தையும் திட்டத்தில் போடவேண்டும்.

---

நல்லூர் கணக்காளர் எழுதியது:

கொக்குவில் ஐயாவின் பதில் அருமை. ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன்.

பெயர்ப் பட்டியலை உள்வேலைக்கு வைத்திருங்கள், ஆனால் அமைச்சரவைக்கும் திறைசேரிக்கும் போகும் திட்டத்தில் பெயர் வரக்கூடாது. சின்ன ஊரில் எல்லாரும் சொந்தக்காரர். 'இன்னார் 2028இல் ஓய்வு, இன்னாரின் மருமகள் அடுத்து' என்று தாளில் இருந்தால் அதுவே ஊர்ச் சண்டையாகும். பதவிக்கு ஒரு இலக்கம் கொடுங்கள். இலக்கத்துக்குப் பணம் ஒதுக்கட்டும், ஆள் யார் என்பதைச் சேவை ஆணைக்குழு பார்க்கட்டும். பிள்ளையின் வயது, குடும்ப நிலை போன்றவை அந்தம்மாவின் கொப்பியிலேயே இருக்கட்டும், எக்ஸெல்லில் ஏறி மின்னஞ்சலில் சுற்றவேண்டாம்.

அடுத்தது செலவு. ஒரு பதவியின் செலவென்று அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எழுதிவிடுவார்கள். மேலதிக நேரம், தூரத் தீவுப் படி, வீடு, குடும்பத்தோடு போய்வரக் கப்பல் அல்லது விமானக் கட்டணம், லீவில் போனால் பதில் கடமைக்கு வருகிறவரின் செலவு எல்லாம் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். அந்தத் தொகையைப் பார்த்த பிறகுதான், தாய்மாரைப் பெரிய தீவில் தங்கவைப்பது மலிவா, ஆளை அனுப்புவது மலிவா என்று நியாயமாகப் பேச முடியும். வெளிநாட்டு உதவியில் வரும் புலமைப்பரிசில் மூன்று நான்கு வருடத்தில் முடிந்துவிடும். அப்படிப் படித்து வருகிறவரின் சம்பளத்தை அரசாங்கம் முப்பது வருடம் கொடுக்கவேண்டும். எங்கள் நாட்டில் ஒரு பதவியை உருவாக்க முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நாடுகளிலும் அதே மாதிரி ஒரு கதவு இருக்கும். எந்த மாதத்தில் வரவுசெலவுச் சுற்றறிக்கை வருகிறது, அதற்கு எத்தனை மாதம் முன்னம் பத்திரம் போகவேண்டும் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் எழுதிவரச் சொல்லுங்கள். கடைசி நாள் வகுப்புக்கு அவர்களுடைய நிதி அமைச்சிலிருந்து ஒரு உத்தியோகத்தரையும் கூப்பிட முடியுமென்றால் கட்டாயம் கூப்பிடுங்கள்.

---

தீவான் பொண்ணு எழுதியது:

நான் குடும்பநல உத்தியோகத்தர், தீவுப் பக்கம் வேலை. திட்டம் எழுதுவது பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தீவில் ஆள் நிற்காததற்குக் காரணம் கேட்டால் எல்லாரும் படி, சம்பளம் என்றுதான் எழுதுவார்கள். எனக்கு முதல் வந்தவர் போனது குடிதண்ணீருக்காக. தங்குமிடத்துக் கிணறு உவர். நல்ல தண்ணீர் பவுசர் வரும் நேரம் அவர் கிளினிக்கில் நிற்பார், வீட்டுக்கு வந்தால் பீப்பா காலி. கதவின் பூட்டும் ஒழுங்கில்லை, தனியே இருக்கிற பெண். இரண்டையும் எழுதிக் கொடுத்தும் நடக்கவில்லை, மாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது பக்கத்து வீட்டு அம்மா எனக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடித்து வைப்பதால் நான் நிற்கிறேன்.

உங்கள் மாணவர்களிடம் ஒன்று கேளுங்கள் அக்கா. வெளித் தீவில் இருக்கும் அவர்களுடைய தாதிக்குத் தங்குமிடம் எப்படி இருக்கிறது, கடைசியாக யார் போய்ப் பார்த்தார்கள்? சோழகம் எழும்பினால் இங்கே படகு ஓடாது, அப்போது பதில் ஆள் வரமுடியாது, போகிறவரும் போகமுடியாது. அங்கே புயல் மாதங்கள் இருக்கும். இடமாற்றக் கடிதத்தை அந்த மாதத்துக்குப் போடாமல் விட்டாலே பாதிக் கஷ்டம் குறையும்.

---

கொக்குவிலான் எழுதியது:

கணக்காளர் தம்பி சொன்னது சரி, வெளியே போகும் தாளில் பதவி இலக்கம்தான் இருக்கவேண்டும். ஆனால் வகுப்பறைக்குள் பெயரை நீக்கவேண்டாம். பெயரை வைத்து யோசிக்கும்போதுதான் 'இவர் போகமாட்டார், தாய் படுக்கையில்', 'இவர் போய்விடுவார், தமையன் ஆக்லாந்தில்' என்று முகாமையாளர் தன் அறிவை வெளியில் எடுப்பார். இலக்கத்தை வைத்து அது வராது. பெயரோடு யோசித்து இலக்கத்தோடு எழுதச் சொல்லுங்கள்.

தங்குமிடம் பற்றிப் பிள்ளை எழுதியது மிக முக்கியம். கட்டடமும் தண்ணீரும் வேறு பகுதியின் வேலை என்று ஆளணித் திட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். வெளித் தீவுப் பதவி ஒவ்வொன்றுக்கும் நேரே தங்குமிடம் என்று ஒரு நிரல் போட்டு, தண்ணீர், பூட்டு, மின்சாரம் மூன்றையும் பதிந்தால் போதும்.

---

சுழிபுரத்தாள் எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

பாடக்குறிப்பை மாற்றி எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் நாள் பட்டியலும் சிவப்பு வரிகளும். தங்குமிட நிரலையும் ஒப்பந்த மாதத்தையும் அதிலேயே சேர்த்துவிட்டேன். இரண்டாம் நாள் அந்த 0.1க்கும் 5.4க்கும் நடுவிலான வாதம், ஒவ்வொரு நாட்டுக்கும் அவர்களுடைய ஒரு தீவை வைத்து. மூன்றாம் நாள் போகிறவர்கள், படிக்கிறவர்கள், திரும்பி வருகிறவர்கள். பிறகு செலவு. கடைசி நாள் ஒவ்வொருவரும் தங்கள் நிதி அமைச்சுக்கு இரண்டு பக்கப் பத்திரம் எழுதி வாசிக்க வேண்டும். பலம், பலவீனம் எல்லாம் எடுத்துவிட்டேன். ஒழுங்குபடுத்துகிறவர்கள் கேட்டால் ஐயாவின் மருத்துவிச்சிக் கணக்கைக் காட்டலாம் என்றிருக்கிறேன்.

இப்போது ஒரு நடைமுறைச் சிக்கல். சீஷெல்ஸ் எங்களுக்குப் பின்னால், துவாலு வெகுதூரம் முன்னால். எத்தனை மணிக்கு வைத்தால் எல்லாரும் அலுவலக நேரத்தில் இருப்பார்கள்?

---

கொக்குவிலான் எழுதியது:

எங்கள் நேரம் காலை எட்டரைக்குத் தொடங்குங்கள். அப்போது மாலேயில் எட்டு மணி, சீஷெல்ஸில் ஏழு மணி, ஃபுனாஃபுடியிலும் தராவாவிலும் பின்னேரம் மூன்று மணி. சீஷெல்ஸ்காரர் கொஞ்சம் முந்தி எழும்ப வேண்டும், பசிபிக்காரர் கொஞ்சம் பிந்திப் போகவேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இழுக்கவேண்டாம். மிச்சத்தை வீட்டுவேலையாகக் கொடுங்கள், அவர்கள் தங்கள் அலுவலகத்தில் பட்டியலை வைத்துச் செய்யட்டும். கிரிபட்டியின் கிறிஸ்மஸ் தீவிலிருந்து யாராவது வந்தால் அங்கே மாலை ஐந்து மணி, அதையும் கேட்டுப் பாருங்கள். பசிபிக்கில் இணையம் சில நாள் இழுக்கும், அதனால் படிவத்தை ஒரு கிழமை முன்னமே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

---

பருத்தித்துறை நேர்ஸ் எழுதியது:

அக்கா, மாலைதீவில் வெள்ளியும் சனியும் லீவு. ஞாயிறு வேலை நாள். மற்ற மூன்று நாட்டுக்கும் சனி, ஞாயிறு லீவு. ஆகவே எல்லாருக்கும் பொதுவாகக் கிடைப்பது திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள்தான். ஐந்தாவது வகுப்பை, அதுதான் பத்திரம் வாசிக்கும் நாளை, அடுத்த கிழமை திங்களுக்குத் தள்ளிவிடுங்கள். எழுத அவர்களுக்கும் மூன்று நாள் கிடைக்கும்.